அம்பாத்துரைக்கு ஒரு சீசன் டிக்கெட்

அம்பாத்துரையில் கொய்யாத்தோட்டம் வாங்கியதிலிருந்து சௌகத் அலிக்கு ஒரே யோசனைதான். தனக்கும் மனைவி மெஹராஜுக்கும் ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாட்டுவண்டியில் குலுங்க வேண்டாமே!

"வாரத்துக்கு நாலு நாள் போனாலே லாபம்," என்றார்.

"எனக்கு வேணாம்," என்றாள் மெஹராஜ். "ரயில்ல என்னையப் பொம்பளைக பெட்டியில ஏத்திட்டு நீங்க அங்கிட்டுப் போயிருவீங்க. வண்டின்னா திரையப் போட்டுட்டு வழியெல்லாம் பேசிக்கிட்டே போகலாம்ல?"

"இம்புட்டு வருசமா பேசியும் தீரலையாக்கும்!" என்று எரிந்து விழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

பொழுது சாயத்தான் திரும்பினார். சீசன் டிக்கெட் எடுக்கவில்லை. வண்டிக்குள் விரிக்கப் புது இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தோளில் சுமந்து வந்திருந்தார்.

"உக்காந்து பாரு," என்றார். "வண்டி குலுங்குனா உன் பேச்சுல பாதி கேக்க மாட்டேங்குது."