மாதேஸ்வரனின் மூக்கு

ஒகேனக்கல்லில் மாதேஸ்வரன் வறுக்கும் மீனை ஒருமுறை தின்றவர்கள் அடுத்தமுறை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் கடையைத்தான் தேடுவார்கள். ஆனால் பாருங்கள், அந்த ஆளுக்கு வாசனையே தெரியாது! மீன் கெட்டதா, எண்ணெய் காறியதா என்று முகர்ந்து சொல்வதெல்லாம் பெண்டாட்டி கலைமணிதான். அடுப்புப் புகை அவன் மூக்கைத் தின்றுவிட்டது என்றார்கள், அவளும் நம்பினாள். மீன் வறுக்கிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் புகைதான் காரணம்.

குழந்தை இல்லாததற்கு மட்டும் கலைமணி காரணமாம். ஆறு வருஷமாக அவளைக் கோயில் கோயிலாக இழுத்து ஓய்ந்த மாமியார் சாலம்மாள், இப்போது பாப்பாரப்பட்டியில் மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டாள். ராத்திரியில் கலைமணியின் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போகும் மனுஷன் அவன். கூச்சக்காரன் என்று அவளும் விட்டுவிட்டாள். அவனை விட்டுக்கொடுக்க அவளால் முடியுமா?

அவனையும் இழுத்துக்கொண்டு தர்மபுரி டாக்டரம்மாவிடம் போனாள். ரத்தப் பரிசோதனைத் தாளையும் அவனுடைய மழமழக் கன்னத்தையும் மாறிமாறிப் பார்த்த டாக்டரம்மா, "சின்ன வயசுலேர்ந்தே வாசனை தெரியாதா?" என்றார்.

"மல்லிப்பூ வாசம் எப்படியிருக்கும்னே தெரியாதுங்க."

பருவத்தை எழுப்ப மூளையிலிருந்து வரவேண்டிய ஹார்மோன் அவனுக்குப் பிறவியிலேயே சுரக்கவில்லை, மூக்கும் அதோடு சேர்ந்த குறைதான் என்றார் அவர். அதனால்தான் மீசையும் இல்லை, விந்தணுவும் இல்லை. வாராவாரம் ஊசி, வருஷக்கணக்கில்கூட ஆகலாம். குழந்தை பிறக்க வழியுண்டு, உறுதி மட்டும் சொல்ல முடியாது.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான்.

"அழாதீங்க மாமா. அத்தைகிட்ட சொல்ல வேணாம், பழி எம்மேலயே இருந்துட்டுப் போவுது. வேற பொண்ணு வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க," என்றாள். அவ்வளவு பிரியம் இந்தப் பைத்தியக்காரிக்கு!

கடையில் சாலம்மாள் காத்திருந்தாள். "ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்கப் போறோம், தயாரா இரு."

"கொற எங்கிட்டதாம்மா," என்றான் மாதேஸ்வரன். அந்த உடையாத குரலில், தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஊசி எனக்குத்தான்."

சாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வயசாகியும் உங்கொரல் ஒடையலியேன்னு அப்பவே பயந்தேன்டா. வெளிய சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு மூடி வெச்சேன்." பிறகு மருமகளின் கையைப் பிடித்தாள். "தெரிஞ்சே உன்னப் பழிச்சேன் சாமி."

கலைமணிக்கு ஆறு வருஷக் கோபமும் பொங்கிவந்தது. கையை உருவிக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன அத்தை? நீங்க பழி சொன்னது ஊர்கிட்டதானே?"

சாலம்மாள் தின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பி, அழுகையோடு, "எம் மருமவகிட்ட ஒரு கொறயும் இல்லீங்க," என்றாள்.