பதினேழு நிமிட விளக்கம்

1

இந்தக் கதை என் அக்காவின் எரிச்சலில் பிறந்தது. எண்ணெய்க் குழாய்த்தடங்களை இயக்கப்போகும் இன்ஜினீயர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து, என் சாப்பாட்டு மேசையில், பயிற்சி முடித்தவனை வேலைக்கு அனுப்பும் படிவம் ஒன்றைப் போட்டாள். "இதுல கையெழுத்து போடவா வேண்டாமா, சொல்லித் தொலை" என்றாள். எனக்குக் கதைதான் எழுதத் தெரியும். அதுவும் சரியாகத் தெரியாது என்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: பூமிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், கறுப்பு நதியொன்று தன் பாட்டுக்கு

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நதியாம் நதி. அது டீசல்டா. கறுப்பும் கிடையாது."

சரி, நேரே அறைக்குள் போவோம். ஜன்னல் இல்லாத அறை, மேசைக்கு ஆறு திரைகள், இருமும் ஏசி. எல்லாம் அசல் கட்டுப்பாட்டு அறை மாதிரியே இருக்கும். குழாய் மட்டும் பொய். கம்ப்யூட்டர் குழாயாக நடிக்கும். அக்கா பின்னால் உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டை போடுவாள். திரையில் அழுத்தம் இறங்கும். முன்னால் இருப்பவர் பம்பை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

வக்கீல் நிறுத்தவில்லை.

3

வக்கீல் என்பது கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். இருபத்து நான்கு வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரன். அழுத்தம் இறங்கியதும் அவன் பதறவில்லை, விளக்கினான்.

"மேடம், இது கசிவு இல்ல. மலை உச்சியில எண்ணெய் பிரிஞ்சு, நடுவுல ஆவி நிக்குது. இன்னும் கொஞ்சம் பம்ப் பண்ணா நிறைஞ்சிடும்."

(அப்படியும் நடப்பதுண்டு. பல தடவை அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று அக்காவே சொல்கிறாள். இந்த அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் கதை சுலபமாக முடியும். எடுக்க மனம் வரவில்லை.)

நிறையவில்லை. அதற்கும் காரணம் சொன்னான். அடுத்து மீட்டர் மேல் பழி போட்டான். மொத்தம் பதினேழு நிமிடம், ஓட்டைக் குழாய்க்குள் டீசலை அனுப்பிக்கொண்டே இருந்தான். அடுத்த மேசையில், எதற்கும் தடுமாறும் ஒரு பெண் அதே ஓட்டைக்கு நாற்பது நொடியில் பம்பை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் புரியல மேடம், அதான்" என்றாளாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். குழாய் பக்கத்தில் குடியிருப்பவர்கள்?

4

வக்கீலை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். கொஞ்சம் திமிர் கொடுத்துப் பார்த்தேன். "அவன் நல்ல பையன்டா. மத்தவங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றதே அவன்தான்" என்று அக்கா அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். படுக்கையில் கிடக்கும் அப்பா ஒருவரைக் கொடுத்தேன். அவரையும் அடித்தாள்.

"எதுக்குக் காரணம் தேடுற? அவன் பம்பை நிறுத்தல. அவ்வளவுதான்."

இதற்குள் அசல் கட்டுப்பாட்டு அறையின் மேலாளர் அக்காவுக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு ஆள் இல்லை. "இருக்கறதுலயே பெஸ்ட் அவன்தாம்மா. வேலையில கத்துப்பான், கையெழுத்து போட்டு விடுங்க." அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம், "கத்துப்பான், சரி. எத்தனை நிமிஷத்துல?" என்றாள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: கையெழுத்துப் போடவில்லை, வக்கீல் திருந்தி மறுபடி பயிற்சிக்கு வருகிறான். பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம்.

இரண்டு: போடுகிறாள், திங்கட்கிழமை அசல் கசிவு. ஒரு கையெழுத்துக்காக ஒரு தெருவையே கொளுத்த வேண்டியிருக்கிறது.

மூன்று: போடுகிறாள், அவன் நாற்பது நொடியில் (இதை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது)

மூன்றையும் படித்துவிட்டு அக்கா காகிதங்களைத் திருப்பி வைத்தாள்.

"எது நல்லா இருக்கோ அதைப் பிடிச்சுக்கிட்டு நான் முடிவு பண்ணிடுவேன்டா. அவன் பண்ணதும் அதுதானே, நல்லா இருந்த விளக்கத்தைப் பிடிச்சுக்கிட்டது? எனக்கு முடிவு வேண்டாம். பயமா இருக்கு, அவ்வளவுதான்."

பதினொரு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவள். இதற்குமுன் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது.

6

ஆகவே படிவம் உங்களிடம் வருகிறது. மேலே அவன் மதிப்பெண்கள், எல்லாம் தொண்ணூறுக்கு மேல். கீழே 'பயிற்சியாளர் கையெழுத்து' என்று ஒரு காலிக் கோடு. இன்று சனிக்கிழமை.

அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு அடியில் போகிறதா என்று முதலில் விசாரிக்கத் தோன்றும். விசாரிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அல்லது, விசாரிக்காமல் போடாமல் விடுங்கள்.