பிரமிளாவுக்கு நான்கு டயர்

1.

'இவன் டயர் பார்க்க வந்தானா, பொண்ணு பார்க்க வந்தானா?'

பினாங்கின் ஆயர் ஈத்தாம் டயர் கடையில், தம்பி கிஷனைப் பார்த்துப் பிரமிளா இப்படி நினைத்தாள். உண்மையில் நினைத்தது நான், என் கணவரைப் பற்றி. என் கதைகளை அவர் படிப்பதால் (படிக்காததுபோல் நடிப்பார்) நினைப்பைப் பிரமிளாவிடம் கொடுத்து, கணவரைத் தம்பியாக்கிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'தேய்ந்த டயர்களின் சோகம் பினாங்கு மழையில் மெல்ல...'

வேண்டாம். டயருக்கு ஏது சோகம்?

இரண்டாவது:

"அகலமா போடுக்கா. கெரேத்தா கெத்தா நிக்கும்லா!"

"நிக்கிறதுக்கா கார் வாங்கினேன்? தினம் பாயான் பாருவுக்கு வேலைக்குப் போகணும்டா. கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவு போதும். லேசா உருளணும், பெட்ரோல் குடிக்கக் கூடாது."

"டயருக்கே டயட்டா?"

கடைக்காரர் காஜா மொய்தீன் எழுந்தார். "ரெண்டு அளவும் இருக்குலா. சண்டைய முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, ஒரு கப் தே குடிச்சிட்டு வரேன்."

3.

என் திட்டம் இது. பிரமிளா அகல டயருக்குச் சம்மதிக்கிறாள். அக்காவும் தம்பியும் நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய், புது டயருக்குப் பூசை போட்டு, நான்கு எலுமிச்சம்பழங்களை* நசுக்குகிறார்கள். வண்டியை வளைத்துத் திருப்பினால் டயர் உள்ளே உரசி 'கிரீச்'. திருஷ்டி கழியவில்லை என்று மறுபடி பழம் வாங்குகிறார்கள். மறுபடி 'கிரீச்'. மறுபடி பழம். பழக்கடைக்காரர் முருகனுக்கு நன்றி...

எவ்வளவு நல்ல காட்சி! அதற்கு அவள் தவறான டயரை எடுத்தாக வேண்டும்.

* ஐந்தாவது பழம் ஜூஸுக்கு. என் வீட்டில் அப்படித்தான்.

4.

"பிரமிளா, கதைக்காக ஒரே ஒரு தடவை தலையாட்டேன்."

"உங்க கதைக்கு என் பெட்ரோலாக்கா?"

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"கலர் அப்பா எடுத்தாரு. சீட்டு கவர் இவன் எடுத்தான். நம்பர்கூட அத்தை ஜோசியம் பார்த்து எடுத்தாங்க. மாசாமாசம் கட்டுறது நான். டயராச்சும் நான் எடுக்கக் கூடாதா?"

நான் நேராக முடிவுக்குத் தாவினேன்.

5.

முடிவு அ: தலையாட்டுகிறாள். (என் கை எழுதியது, அவள் தலை அசையவில்லை.)

முடிவு ஆ: கிஷன் திருந்துகிறான். (நானே நம்பவில்லை.)

முடிவு இ: வாசகரே, நீங்கள் கேட்டுப் பாருங்கள். உங்கள் பேச்சையாவது கேட்பாள்.

கேட்டீர்களா? அவள் 'மாட்டேன்' என்றது என் காதிலும் விழுந்தது. காஜா மொய்தீன் தே குடித்துவிட்டு வந்து, "எதும்மா?" என்றார். கிஷன் அகலமானதைக் காட்டினான். நானும் அதையே காட்டினேன்.

"அது வேணாம் அண்ணே," என்றாள் பிரமிளா, யாரையும் பார்க்காமல்.