மாப்பிள்ளை வீட்டுத் தளம்

அவர்கள் வரதட்சணை கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான். இத்தனை பவுன் என்று கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே என் தலையில் பூ வைத்தார்கள். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணவேணி ஒன்றே ஒன்றைச் சொன்னார்.

“எங்க வூடு சிமெண்ட் ஷீட்டு போட்டதுங்க. வெயில் காலத்துல உள்ள குந்த முடியாது. உங்க பொண்ணுதானே வந்து வாழப்போவுது? ஷீட்ட எடுத்துட்டு ஒரு தளம் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று அம்மாவிடம் அன்று முழுக்கச் சொல்லி மாய்ந்துபோனார். அவர்கள் உட்கார்ந்து காபி குடித்த எங்கள் வீடும் சிமெண்ட் ஷீட் போட்டதுதான். அது யாருக்கும் நினைவு வரவில்லை.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். திண்டிவனத்தில் தேவசகாயம் சார் என்ற இன்ஜினியரின் ஆபீசில் வேலை. வீடு கட்டுகிறவர்களுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும், எவ்வளவு கம்பி, எவ்வளவு கூலி என்று எஸ்டிமேட் போட்டுத் தருவதுதான் என் பிழைப்பு. கூட்டேரிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். இதையெல்லாம் கிருஷ்ணவேணியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அப்பா அதோடு நிற்காமல் ஒரு வார்த்தை சேர்த்தார்.

“எஸ்டிமேட்டுக்கு வெளியில போவ வேணாங்க. எம் பொண்ணு புனிதாவே போட்டுடும்.”

பெண்ணுக்கு விலை எழுதும் வேலையைப் பெண்ணிடமே கொடுத்த தகப்பன் இந்த ஜில்லாவில் என் அப்பா சீனுவாசன் ஒருவராகத்தான் இருப்பார். பணத்துக்கு வழியும் அவரே பார்த்து வைத்திருந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற ரோட்டோரக் கொல்லை நிலம் ஒன்று எங்களுக்கு உண்டு. அதை விற்பதாக முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாடே அந்தக் கொல்லைதான், ஆனால் கல்யாணம் என்றால் சாப்பாட்டைப் பற்றி யார் பேசுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். நான் டேப்பை எடுத்தேன். மறுமுனையைப் பிடிக்க அப்பா எழுவதற்குள் கிருஷ்ணவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே வந்து பிடித்தார். மாமியார் ஒரு முனை, மருமகள் ஒரு முனை. அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். போட்டோ கூட எடுத்தார்.

அளவில் ஒன்றும் தகராறு இல்லை. நல்ல செங்கல் சுவர், தளத்தைத் தாங்கும். ஆனால் டேப் ஒவ்வொரு பக்கம் நகரும்போதும் கூடவே ஒரு வேலையும் முளைத்தது.

“தளம் போட்டுட்டு படி இல்லன்னா எப்பிடி கண்ணு? துணி காயப் போட நீதானே மேல போவப்போற?”

படிக்கட்டை எழுதிக்கொண்டேன்.

“சுத்திச் செவுரு இல்லாம வுட்டா நாளைக்கு உன் புள்ளதானே வெளையாடும்? வுழுந்து கிழுந்து வச்சா?”

கைப்பிடிச் சுவரையும் எழுதினேன். இன்னும் பிறக்காத என் பிள்ளை அதற்குள் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் ஒரு சின்ன போர்ட்டிகோ, அது நான் ஆபீசிலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்த. ஸ்கூட்டி என்னிடம் இல்லை. அது எங்கிருந்து வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கென்று அந்தக் கிழவி எதையும் கேட்கவே இல்லை, பாருங்கள். எல்லாம் எனக்கு. கிழவி என்று சொல்லிவிட்டேன், சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

மாப்பிள்ளை பிரவீன்குமார் விழுப்புரத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். அன்று வீட்டில்தான் இருந்தான். எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான், வெயிலாக இருக்கிறது என்று மோர் கொண்டுவரச் சொன்னான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். “இதெல்லாம் வேணாம்மா, நான் சம்பாதிச்சுப் போட்டுக்கறேன்” என்று அவன் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மிச்ச வாழ்க்கை முழுக்க அவன் அம்மாவின் புடவையைக்கூடத் துவைத்துப் போடலாம் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஆபீசுக்கு வந்து எஸ்டிமேட் போட்டேன். பழைய ஷீட்டையும் சட்டத்தையும் இறக்கும் கூலி, சென்ட்ரிங், கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், மேலே பதிக்கும் ஓடு, படி, கைப்பிடிச் சுவர், போர்ட்டிகோ, பூச்சு. எல்லாவற்றையும் கூட்டி வந்ததன் மேல், எப்போதும் எல்லாருக்கும் சேர்ப்பதைப்போல, பத்தில் ஒரு பங்கு கூட்டினேன். இது தேவசகாயம் சார் பழக்கியது. “கம்மியா போட்டுக் குடுத்துட்டு பாதி வேலையில பணம் பத்தலன்னா ஓனர் நம்ம சட்டையத்தான் புடிப்பான். கூட்டியே போடு, மிஞ்சினா சந்தோஷமாப் போவட்டும்” என்பார். திண்டிவனத்தில் எந்த எஸ்டிமேட்டும் இப்படித்தான் இருக்கும். வீட்டுக்காரனுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும், வேலை நடக்க நடக்கக் குறைத்துக்கொள்வார்கள். மொத்தம் ஐந்து லட்சத்தைத் தொட்டது.

“லெட்டர் பேடுல போட்டுக் குடு புனிதா. மரியாதையா இருக்கும்” என்றார் அப்பா. ஆபீஸ் பெயரும் விலாசமும் அச்சடித்த தாளில் போட்டு, கையெழுத்திட்டு, அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து பிரவீன்குமார் எனக்கு போன் செய்தான். அவன் தானாகக் கூப்பிட்ட முதல் போன். ஆபீஸ் வராந்தாவுக்கு ஓடினேன். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். சொல்லப் போகிறான், இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லப் போகிறான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எஸ்டிமேட்டு பாத்தேங்க. கம்பி எந்த கம்பெனின்னு போடலையே. நல்ல கம்பெனியாப் போடுவீங்க இல்ல?”

நல்ல கம்பெனியாகத்தான் போடுவோம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று நான் போட்ட கணக்கெல்லாம் தப்பு. சார் எல்லாவற்றையும் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கிருஷ்ணவேணி அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

“சம்பந்தி, நீங்க எதுக்கு இந்த வெயில்ல சிமெண்ட்டு, ஜல்லின்னு அலைஞ்சிக்கினு இருக்கணும்? எஸ்டிமேட்டுதான் கையில இருக்குதே. அந்தத் தொகைய பணமாக் குடுத்துடுங்க. நாங்க பொறுமையா பாத்து வேலை செஞ்சிக்கறோம்.”

“சரிங்க, சரிங்க, அப்பிடியே செஞ்சிடலாம்” என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாளில் நான் சிமெண்டையும் கம்பியையும் எழுதினேன். அவர்கள் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு வெறும் காற்று. வேலை நடந்தால் அது தானாகக் குறைந்துவிடும். பணமாகக் கொடுத்தால் எதுவும் குறையாது, கொல்லைதான் போகும். தளம் என்று ஒன்று வருமா என்பதே சந்தேகம்.

அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினேன். “அத்தை, நான் புனிதா பேசறேன். பணமா வேணாம் அத்தை. சாமானெல்லாம் உங்க வாசல்லயே எறக்கித் தர்றோம், மேஸ்திரிய நாங்களே அனுப்பறோம். அந்தத் தொகை அவ்ளோ ஆவாது. கொறையும்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், குரல்கூட உயரவில்லை.

“அப்பாகிட்ட குடு கண்ணு” என்றார். அப்பாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “வச்ச பூ இன்னும் முழுசா வாடல. அதுக்குள்ள பொண்ணு எங்ககிட்டயே கணக்கு பாக்குதே சம்பந்தி.”

பத்து நாளில் தரகர் வந்தார். ஜாதகத்தில் ஏதோ ஒரு கட்டம் சரியில்லையாம், முதலில் பார்த்தபோது கவனிக்கவில்லையாம். பிரவீன்குமாருக்கு நானே போன் செய்தேன். அவன் எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். நம்பரை பிளாக் செய்துவிட்டான் என்று புரிந்தபோது பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். அழுது தீர்த்தேன். அவனுக்காக அல்ல. அந்த ஸ்டூலுக்கும் மோருக்கும் மயங்கிய எனக்காக.

கொல்லை பிழைத்தது. அதற்காக அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தட்டை வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் தலையாட்டுவார். ஒருநாள் நானே பொறுக்க மாட்டாமல், “நான் இன்னாப்பா தப்பு பண்ணிட்டேன்?” என்று கேட்டேன்.

“கம்மியா போட்டிருந்தா கம்மியாக் கேட்டிருப்பாங்க இல்ல” என்றார். “நீதானே அவ்ளோ போட்ட.”

அவர்கள் மேல் அவருக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை. பணம் கேட்டவர்கள் நல்லவர்கள், பணத்தை எழுதியவள் கெட்டவள். அன்றிலிருந்து நானும் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

தை பிறந்திருக்கும். ஆபீசில் நான் மட்டும் இருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் படியேறி வந்தார். பெயர் கிருஷ்ணசாமி, அனந்தபுரம் பக்கம், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

“இது உங்க ஆபீசுல போட்டதுதானேம்மா?”

என் எஸ்டிமேட். என் கையெழுத்து. கடைசி வரியில் நான் போட்ட தொகையைப் பேனாவால் அடித்துவிட்டு, அதைவிடக் கூடுதலாக ஒன்று எழுதியிருந்தார்கள்.

“எம் பொண்ணு அருணாவுக்கு எடம் பாத்திருக்கேன்மா. நல்ல எடம். நகை நட்டுன்னு எதுவும் கேக்கல. வூட்டுக்குத் தளம் மட்டும் போட்டுக் குடுங்கன்னு சொன்னாங்க, அதையும் பணமாக் குடுத்துட்டா அவங்களே பாத்துக்குவாங்களாம். ரேட்டெல்லாம் ஏறிடுச்சுன்னு கூட்டி எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க பாத்து கொஞ்சம் கம்மி பண்ணி வேற தாளு போட்டுக் குடுத்தா, அதக் காட்டிப் பேசிப் பாப்பேன்.”

மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஐயா, இத போட்டது நான்தான். அந்த வூட்டுக்காரங்க எனக்குத்தான் மொதல்ல பூ வச்சாங்க. எங்கப்பாகிட்டயும் இதையே பணமாக் கேட்டாங்க. சாமானாத் தர்றோம்னு நான் சொன்னதும் வேணாம்னுட்டாங்க. தளமும் வராது, ஒண்ணும் வராது. உங்க பொண்ண அங்க குடுக்காதீங்க ஐயா.”

அவர் என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார், வெறும் கழுத்து. பாவம் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. அவர் கோபப்பட்டு எழுவார், தாளைக் கிழிப்பார், அவர்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எல்லாருமே பணமாத்தாம்மா கேக்குறாங்க” என்றார் மெதுவாக. “ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சு. அவங்கல்லாம் வாய்க்கு வந்ததக் கேட்டாங்க. இவங்களாவது கணக்கு காட்டிக் கேக்குறாங்க.”

அவர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மடித்தார். பைக்குள் வைக்கும்போது ஏதோ நினைத்துக்கொண்டவராக நின்றார்.

“நீ வாழப்போற வூடுன்னுதானேம்மா இத போட்ட? நேர்ல போய் அளந்து?”

“ஆமாங்க.”

“அப்ப கூட்டிப் போட்டிருக்க மாட்ட” என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. “கணக்கு சரியாத்தான் இருக்கும். அவங்க கேக்குறதையே குடுத்துடறேன்.”