தடுப்புக்கு அந்தப் பக்கம் ரொட்டி

மே மாசம் விண்ணேற்றத் திருநாள் வந்தா இந்த நாட்டுக்கே கிறுக்குப் பிடிச்சுடும். வியாழன் லீவு. வெள்ளிக்கும் ஒரு லீவைப் போட்டுப் பாலம் கட்டிட்டா ஞாயிறு வரைக்கும் கடற்கரைதான். பாரீஸ்காரன், லியோன்காரன், பெல்ஜியம்காரன்னு அத்தனை பேரும் ஒரே காலையில, ஒரே ரோட்டுல தெற்கே கிளம்புவான். பெருஞ்சாலை அடைச்சுக்கும். உடனே அவன் போன்ல வழி சொல்ற பொம்பள, "வலப்பக்கம் திரும்பவும்"னு சொல்லுவா. திரும்பினா எங்க ஊர், மொன்ப்ரெல்.

எங்க ஊர்ல இருக்கிறதே ஒரு தெரு. எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தா ஒண்ணு பின்னால போகணும், எவனும் போகமாட்டான். பூத்தொட்டிய இடிப்பான், கோயில் சுவத்துல ஒண்ணுக்குப் போவான், என் வாசல் கேட்டுக்கு முன்னால வண்டிய நிறுத்திட்டு "மேடம், கடல் எந்தப் பக்கம்?"னு என்கிட்டயே கேப்பான். நான் இந்த ஊர் மேயர். எனக்கு எப்படி இருக்கும்?

மாவட்ட அலுவலகத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, கடைசியில இந்த மே மாசம் தடுப்புப் போட அனுமதி வாங்கிட்டேன். லீவு நாள்ல உள்ளூர் வண்டி மட்டும்தான் ஊருக்குள்ள வரலாம். வியாழன் காலையில தடுப்புல என் சித்தப்பா பையன் ரொலானை ஆரஞ்சு கலர் சட்டையோட நிக்க வச்சேன்.

"நம்பர் பலகையோட ஓரத்தைப் பாரு. நம்ம மாவட்டத்து இருபத்தாறு இருந்தா உள்ள விடு. இல்லன்னா போப்பாண்டவரே வந்தாலும் விடாத"ன்னு சொன்னேன்.

"விடுவேனா அக்கா?"ன்னான். அந்தச் சட்டையைப் போட்டதும் அவன் ஒரு சுத்து பெருத்த மாதிரி இருந்துச்சு.

அன்னிக்கு மத்தியானம் எனக்கு இன்னொரு முக்கியமான வேலை இருந்துச்சு. எங்க ஊர் ரொட்டிக்கடை மூடியே கிடந்துச்சு. பழைய கடைக்காரர் ஓய்வெடுத்துக்கிட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டார். அப்புறம் எத்தனை விளம்பரம் கொடுத்தும் ஒரு ஆள் எட்டிப் பாக்கல. ரொட்டிக்கடை இல்லாத ஊர் ஒரு ஊரா? காலையில எவனும் எவன் மூஞ்சியையும் பாக்கறதில்ல, ஆளுக்கொரு பக்கம் வண்டிய எடுத்துக்கிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிடறான். வடக்கே லில் நகரத்துலேருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி, லோயிக், பெரின்னு பேரு, கடையைப் பாக்க வர்றேன்னாங்க. அவங்களுக்கும் அந்த நாலு நாள்தான் லீவு. இவங்களும் வேணாம்னுட்டா வேற ஆளே கிடையாது.

காலையில ஊர் அவ்வளவு அமைதி. குருவி கத்துறது கேட்டுச்சு! எனக்குத் தல கால் புரியல. சதுக்கத்துல உக்காந்து பக்கத்து ஊர் மேயருங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "கேக்குதா? ஒண்ணும் கேக்கலல்ல? அதான் எங்க ஊரு"ன்னு பீத்திக்கிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயி, விருந்தாளிங்களுக்கு ராவியோல், அதான் சீஸ் வச்ச எங்க பக்கத்துக் குட்டிக் கொழுக்கட்டை, வேகவைக்கத் தண்ணி வச்சேன். ஆட்டுப்பால் சீஸை எடுத்து வெளிய வச்சேன். தண்ணி கொதிச்சு கொதிச்சு வத்தினதுதான் மிச்சம், ஆளக் காணோம்.

தடுப்புக்கு நடந்து போனேன். ரொலான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னான்.

"ஒரு பயல விடலக்கா! என்னென்ன கதை விடறானுங்க தெரியுமா? ஒருத்தன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சுங்கறான். பின்சீட்டுல எட்டிப் பாத்தா ரப்பர் படகு! அப்புறம் ஒரு வடக்கத்தி வேன், அம்பத்தொம்பது. உங்க ஊர் ரொட்டிக்கடையைப் பாக்க வந்திருக்கோம், மேயரே கூப்பிட்டாங்கன்னு..."

"என்ன சொன்ன?"

"அட, இது புதுக் கதையா இருக்கேன்னு சொல்லித் திருப்பி விட்டேன்."

"அடப்பாவி! என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"நீதானக்கா போப்பாண்டவரே வந்தாலும்னு..."

"போப்பாண்டவருக்கு ரொட்டி சுடத் தெரியுமாடா?"

போனை எடுத்துப் பாத்தா, நான் பீத்திக்கிட்டிருந்த நேரத்துல அவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சிருக்காங்க. இப்ப நான் கூப்பிட்டா எடுக்கல. ரொலானோட சைக்கிளைப் பிடுங்கிக்கிட்டு, நெரிசலுக்கு எதிர்த்திசையில மிதிச்சேன். வண்டின்னா வண்டி, நகரவே இல்ல. ஜன்னல்ல நாய் தல, கூரையில சைக்கிள், உள்ள அழுவுற பிள்ளைங்க. "மேடம், முன்னால என்ன ஆச்சு?"ன்னு ஆளாளுக்குக் கேக்கறான். எல்லாம் என்னாலதான்னு சொல்லவா முடியும்?

கொஞ்ச தூரம் போனதும் ஒரு பிள்ளை அழாம ரொட்டித் துண்டைக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு. அடுத்த வண்டியிலயும் ரொட்டி. அதுக்கடுத்த வண்டிக்காரன் வெளிய இறங்கி நின்னு, கண்ண மூடி மென்னுக்கிட்டிருந்தான். நான் இன்னும் வேகமா மிதிச்சேன்.

மரத்தடியில அந்த வேன் நின்னுச்சு. பின்கதவு திறந்திருந்துச்சு. பெரின் பெரிய பெரிய உருண்டை ரொட்டியை அறுத்துக் கொடுக்குறா, லோயிக் வண்டி வண்டியா கொண்டுபோய் நீட்டுறான். எங்க ஊர் ஆளுங்க ருசி பாக்கணும்னு ராத்திரி முழுக்க சுட்ட ரொட்டி. மூச்சு வாங்க நின்ன என்னப் பாத்து, யாரு என்னன்னு கேக்காமலே பெரின் ஒரு துண்டை நீட்டினா.

"பாவம், வேர்த்து ஊத்துதே உங்களுக்கு. மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். தோல் முறுமுறுன்னு, உள்ள லேசா புளிப்பு. எனக்கு அழுகை வந்துடுச்சு. வாய் நிறைய ரொட்டியோட, "நான்தான் மொன்ப்ரெல் மேயர்"னு சொன்னேன்.

"ஓ, அந்தத் தடுப்பு ஊரா?" லோயிக் சிரிச்சான். "உங்க காவல்காரர் கெட்டிக்காரருங்க."

"தப்பு என்மேலதான். மன்னிச்சுக்குங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

பெரின் கத்தியைக் கீழ வச்சா. "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மேயரம்மா. அந்தத் தடுப்பு இன்னிக்கு மட்டுமா?"

"எல்லா லீவுக்கும்! ஜூலை, ஆகஸ்டு முழுக்கவும்!"னு பெருமையா சொன்னேன். புத்தி இருந்தா சொல்லுவேனா?

"அப்ப எங்க ரொட்டியை யார் வாங்குவா?"

"நாங்க வாங்குவோம்."

"நீங்க இருக்கிறதே ஒரு கைப்பிடி ஜனம். குளிர்காலத்துக்கு நீங்க போதும், அதுவும் இழுத்துப் பிடிச்சுத்தான். கோடையில இவங்க வந்தாத்தான் வருஷம் பூரா அடுப்பு எரியும். நாங்க வரணும்னா இவங்களும் வரணும்."

அந்த வரிசையைத் திரும்பிப் பாத்தேன். அரைக்கால் சட்டை, ரப்பர் படகு, ஹாரன். இந்தக் கூட்டத்தை ஒழிக்கத்தானே ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன்! ஆத்திரத்துல நெஞ்சு வலிச்சுச்சு. அதே நேரம் கையில இருந்த ரொட்டியைக் கீழ வைக்கவும் மனசு வரல. ரொலானுக்குப் போன் போட்டேன்.

"தடுப்ப எடுத்துடு."

"அக்கா, வெயில் ஏதும் தலைக்கு ஏறிடுச்சா?"

"எடுடா! சட்டையையும் கழட்டு!"

ஜூலையில கடை திறந்தாங்க. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை, லீவுக்குப் போறவனும் லீவு முடிஞ்சு வர்றவனும் நடுவழியில முட்டிக்கிற அந்த நாசமாப்போன நாள்ல, கடை வாசல்லேருந்து கோயில் வரைக்கும் வரிசை. மேயராச்சேன்னு ஒருத்தனாவது வழி விடணுமே? நானும் கால் கடுக்க நின்னேன். எனக்கு முன்னால நின்ன நெட்டை டச்சுக்காரன் கடைசி ரொட்டியையும் வாங்கிட்டான்.

"மேயரம்மா, தீர்ந்துபோச்சே"ன்னா பெரின். முகமெல்லாம் மாவு, அவ்வளவு சந்தோஷம். உள்ளூர் ஆளுங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு சிரிச்சாங்க. அவங்க எல்லாரும் காலையில ஒரே இடத்துல கூடி நின்னு நான் பாத்து எத்தனை நாளாச்சு!

வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா, அந்த டச்சுக்காரன் என் கேட்டுக்கு முன்னால வண்டிய நிறுத்திட்டு, என் மதில்மேலயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான். என்னப் பாத்ததும் பாதியைப் பிச்சு நீட்டினான்.

"சாப்பிட்டுப் பாருங்க மேடம்"னான், அரைகுறை பிரெஞ்சுல. "இந்த ஊர் ரொட்டி ரொம்ப நல்லாருக்கும். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

எங்க ஊர் ரொட்டியை எனக்கே அறிமுகம் செய்யறான்! கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வாங்கி, அவன் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டேன்.