தொட்ட சிப்பாய்

காயைத் தூக்கிய கட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாஸ்கெனின் கையில் வெள்ளைச் சிப்பாய். தூக்கியிருக்கக் கூடாது என்பது தூக்கிய பிறகுதான் உறைத்தது.

ஆர்மீனியாவின் யெரெவானில் ஒரு குடியிருப்பின் தகரக் கராஜுக்குள் ஏழெட்டு ஆண்கள் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். பிரான்சின் லியோனிலிருந்து மகள் அனுப்பிய செஸ் பலகை அது. கம்ப்யூட்டர் உள்ளேயே இருந்தது. தன் முறை வந்தால் எந்தக் காய், எந்தக் கட்டம் என்று விளக்குப் போட்டுக் காட்டும். எடுத்து வைக்க வேண்டியது வாஸ்கென்தான். அடிக்கிறவனுக்குத் தானே தடி எடுத்துக் கொடுக்கிற பிழைப்பு. குளிர்காலம் முழுக்க அடி வாங்கினார். வெளியிலிருந்து எவனோ அதற்குச் சொல்லிக் கொடுக்கிறான் என்று, வருகிறவர்கள் போனையெல்லாம் வாசலில் ஒரு வாளியில் போட வைத்தார். அப்படியும் தோற்றார்.

இன்றைக்குத்தான் முதல்முறையாக டிரா கைக்கு எட்டியிருந்தது. ராஜாவை ஓரடி ஒதுக்கினால் போதும். சிப்பாயைத் தள்ளினால் எதிர் ராஜா அதை விழுங்கிவிடும், அதோடு கதை முடிந்தது. ஜெயித்தே விடலாமே என்று கை அரித்துவிட்டது.

“பேசாம கீழ வை. விளக்கு அணைஞ்சிரும், அதுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் பக்கத்துக் கராஜ் ஸ்ம்பாத்.

“தொட்டாச்சு. தொட்ட காயத்தான் நகர்த்தணும்.”

“யோவ், அது என்ன மனுசனா, சண்டைக்கு வர? நான் கோன்யாக் பாட்டிலைத் தொறந்துட்டேன்யா.”

“மூடி வை.”

“ஊரே பாத்துக்கிட்டு இருக்கு வாஸ்கென் ஜான்,” என்று ‘ஜான்’ போட்டுச் செல்லமாகக் கெஞ்சினார் ஸ்ம்பாத்.

“அதான் சொல்றேன். இத்தனை மாசமா அதைத் திருட்டுப்பயன்னு திட்டிட்டேன். இப்ப இதை எடுத்த எடத்துல வெச்சா யாருய்யா திருட்டுப்பய?”

ஸ்ம்பாத் பாட்டிலை மூடினார்.

வாஸ்கென் சிப்பாயைத் தள்ளினார். விளக்கு மாறியது. கறுப்பு ராஜாவைத் தன் கையாலேயே எடுத்து, தன் சிப்பாயைத் தானே வெட்டினார். அப்புறமும் எழுந்திருக்கவில்லை. கடைசி நகர்வு வரை, பலகை கேட்டதையெல்லாம் அவசரமில்லாமல் எடுத்து வைத்தார். ஒருவரும் வெளியே போகவில்லை.

ஆட்டம் முடிந்தால் ராஜாக்களை நடுவில் வைத்துப் பலகைக்கு முடிவைச் சொல்ல வேண்டும். கறுப்பு ஜெயித்தால் கறுப்புக் கட்டங்கள். வாஸ்கென் இரண்டையும் அங்கே வைத்தார். வெள்ளை ராஜா கொஞ்சம் ஓரமாக நின்றது. விரல் நுனியால் தள்ளிக் கட்டத்தின் நட்டநடுவில் நிறுத்தினார்.