லைசென்ஸில் இல்லாத பேர்

போனை எடுத்த ராஜரத்தினம் "சரி, சரி" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் செல்லத்தாய் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். அந்தச் "சரி, சரி" எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர்ல உக்காந்திருக்காராம். அங்க முடிச்சிட்டு இங்கதான் வாராராம். ஜெயாவுக்குச் சொல்லிட்டேன், டாக்சியில வந்துருவா. நீ கெளம்பு."

"மூணு மணிக்கு மில்லு ஷிப்டு விடும் அண்ணாச்சி. கூட்டம் வரும். ஜெயாவுக்கு எந்த மருந்து எங்க இருக்குன்னே தெரியாதே."

"தெரியாட்டி போகுது. லைசென்ஸ் போனாத் தெரியும், நம்ம ரெண்டு பேருக்கும்."

மாப்பிள்ளை என்று மருந்துக்கடைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது, கடைகளைச் சோதனை போட வரும் டிரக் இன்ஸ்பெக்டரை. அவர் ஓர் ஊரில் காலை வைத்தால் அடுத்த ஊருக்குப் போன் பறந்துவிடும். உடனே அங்கங்கே கடைகளில் ஆள் மாறும். மருந்துக்கடை நடத்த பார்மசி படித்த ஒருவர் வேண்டும், அவர் பேரில்தான் லைசென்ஸ். இந்தக் கடையில் அப்படிப் படித்தவள் ராஜரத்தினத்தின் அண்ணன் மகள் ஜெயபாய். அவளுடைய டிப்ளமா கண்ணாடிச் சட்டத்துக்குள் ராஜபாளையத்தில் இந்தக் கடைச் சுவரில் தொங்கியது. அவளோ பேங்க்கில் வேலை பார்க்கும் புருசனோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். கவுண்டரில் நின்று சீட்டைப் படித்து, மருந்தை எடுத்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்ட செல்லத்தாய். பதினாலு வருஷமாக. அவளுக்குத் தெரிந்த கடைகளில் பாதி இப்படித்தான் ஓடியது. தப்பு என்று சொன்னால் சொன்னவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

டாக்சி வந்தது. ஜெயபாய் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அவசரமாக வந்திருந்தாள், தலைகூடச் சரியாக வாரவில்லை. செல்லத்தாயின் கோட்டுக்குள் நுழைந்து கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஜெயா, இங்க பாரு. சுயம்புலிங்கம்னு மில்லுக்காரர் ஒருத்தர் வருவாரு. மூணு நாளா நெஞ்சு கரிக்கின்னு கேஸ் மாத்திரை வாங்கித் திங்காரு. இன்னைக்குக் கேட்டாக் குடுக்காத. நெஞ்சு வலிதான்னு நெனைக்கேன். பெரியாஸ்பத்திரிக்கு..."

"அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்" என்றார் ராஜரத்தினம். "நீ ரோட்டத் தாண்டு மொதல்ல."

தாண்டினாள். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப். வயர் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, சேத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள். இது அவளுடைய வழக்கமான இடம்தான். இன்ஸ்பெக்டர் போகிற வரைக்கும் எத்தனை பஸ் வந்தாலும் ஏறாமல் நிற்க வேண்டும். தன் கடையை எதிரே வைத்துக்கொண்டு வழிப்போக்கர் வேஷம் போடுவதில் முதல் இரண்டு வருஷம் சிரிப்பு இருந்தது. இப்போது எரிச்சல் மட்டும்தான் மிச்சம். அதிலும் இருபது நாள் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

மருந்துக்கடைச் சங்கத்துக்காரர்கள் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி வைத்திருந்தார்கள். கடைக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், மூச்சு நின்றால், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மருந்துக்கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து டாக்டர் வருகிறார் என்று நோட்டீஸ். அதைப் படித்ததும் அவளுக்குத் தளவாய்புரத்துக்காரர் ஞாபகம் வந்தது. பேர்கூடத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீட்டை நீட்டிய கையோடு கடை பெஞ்சில் சரிந்தார். யாரோ சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்கள், யாரோ சோடாவை உடைத்து வாயில் ஊற்றினார்கள். முதுகுக்குப் பின்னால் ஆயிரம் மாத்திரைகளை வைத்துக்கொண்டு செல்லத்தாய் அந்த வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் பெண்சாதிக்கு வாங்க வந்த சுகர் மாத்திரை கவுண்டரிலேயே கிடந்தது.

"அண்ணாச்சி, இதுக்கு நான் போறேன்" என்று கேட்டாள்.

"உம்பேரு லைசென்ஸ்ல இருக்கா?"

"கடையில நிக்கது நான்தான?"

"அதை அங்க போயி மைக்குல சொல்லப் போறியாக்கும். இன்ஸ்பெக்டர் முன்வரிசையில உக்காந்திருப்பாரு."

கடைசியில் ஜெயபாய்தான் போனாள். எட்டு மாசப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்வது என்று அவள் மூக்கால் அழுததில், பிள்ளை தூக்குவதற்குச் செல்லத்தாயும் போனாள். மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட கிளார்க், ஒருவர் பஞ்சு வியாபாரி, ஒருவர் பட்டாளத்திலிருந்து வந்து தோட்டம் பார்க்கிறவர். எல்லோரும் ஏதோ ஒரு மருந்துக்கடையின் சுவரில் தொங்குகிறவர்கள். தினம் கவுண்டரில் நிற்கிறவர்கள் அந்தந்த ஊரில் கவுண்டரில் நின்றார்கள். இடுப்புக்கு மேலே மட்டும் இருந்த ஒரு ரப்பர் பொம்மையை டாக்டர் மேஜைமேல் வைத்தபோது கூட்டம் சிரித்தது. அதன் வாயில் அவர் வாயை வைத்தபோது பட்டாளத்துக்காரர் விசில் அடித்தார்.

கடைசி வரிசையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லத்தாய் மட்டும் கண் கொட்டாமல் பார்த்தாள். உள்ளங்கையின் அடிப்பக்கம். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி. முழங்கை மடங்கக் கூடாது. மெத்தையில் போட்டு அமுக்கக் கூடாது, தரை வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். இத்தனை அமுக்குக்கு இத்தனை ஊது என்று டாக்டர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிய நேரம் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. "யாரும்மா அது, வெளிய கொண்டு போங்க" என்றது மைக். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள். டாக்டரின் முதுகுதான் தெரிந்தது. காற்றாடிச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

"பொறவு என்ன சொன்னாரு?" என்று ஜெயபாயிடம் கேட்டாள்.

"என்னமோ கணக்குச் சொன்னாருக்கா. எழுதித்தான் வச்சிருக்கேன், தேடிப் பாக்கேன். இப்பம் முதுகு வலிக்கி, பிள்ளைக்குப் பால் குடுக்கணும்."

தேடவில்லை. ஆனால் பயிற்சி முடித்ததற்குக் கொடுத்த சான்றிதழ் மறுவாரமே சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. அதன் கண்ணாடியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிற வேலை செல்லத்தாய்க்கு.

அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்க, மூன்றடிக்கச் சற்று முன்னால் இன்ஸ்பெக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனுஷர், கையில் ரெக்சின் பை. ராஜரத்தினம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் குடிக்கக் கலர் சோடா வந்தது. ஜெயபாய் ரிஜிஸ்டரை எடுத்து வைத்தாள். மில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் பஞ்சுத் தூசி படிந்த தலைகளோடு ஆட்கள் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சுயம்புலிங்கம் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார்.

அதைப் பார்த்ததுமே செல்லத்தாய்க்குத் திக்கென்றது. அவள் பார்த்த நாளிலிருந்து ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போகிற ஆள். கடைப் படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஏறினார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. இடது கையை உதறி உதறி விட்டுக்கொண்டார். ஜெயபாய் அவரை நிமிர்ந்தே பார்க்காமல் அலமாரியில் தேடி, கேஸ் மாத்திரை அட்டையைக் கத்தரித்தாள்.

'குடுக்காதட்டி' என்று செல்லத்தாய் வாய்க்குள் சொன்னாள். ரோட்டில் ஒரு காலை எடுத்து வைத்தாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்து ராஜரத்தினம் கண்ணை உருட்டினார். வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேலை போனால் என்ன செய்வது, மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், இந்த மனுஷருக்கு ஒருவேளை வெறும் கேஸாகவே இருக்கலாம் என்று என்னென்னவோ ஓடியது. முதல் மூன்று நாள் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் அவள் கைதான். அதையும், இழுத்துக்கொண்ட அந்தக் காலையும் அவள் ராஜரத்தினத்தின் தலையில் கட்ட முடியாது.

சுயம்புலிங்கம் மாத்திரையை வாயில் போடப் போனார். போடாமலே படியில் உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அவர் சாய்ந்ததில் சைக்கிளும் விழுந்தது.

எந்த வண்டி வருகிறது என்று பார்க்காமல் செல்லத்தாய் ஓடினாள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒருவன் சாவியை அவர் கையில் திணித்துக்கொண்டிருந்தான். ராஜரத்தினம் "ஜெயா, நீ படிச்சிட்டு வந்தியே, பாரு, பாரு" என்றார். ஜெயபாய் கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றாள். இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

செல்லத்தாய் சாவியைத் தட்டிவிட்டாள். கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. அவரைத் தரையில் மல்லாத்தி, சேலையை முழங்காலுக்கு ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் மண்டி போட்டு, கையை நீட்டி அமுக்கினாள்.

"ஏட்டி, ஆம்பள நெஞ்சில ஏறி என்ன செய்த?" என்று கூட்டத்தில் ஒருவர் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள்.

"ஜெயா! வந்து ஊது!"

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"தலையச் சாச்சு, மூக்கப் பிடிச்சு ஊது. எத்தனைக்கு ஒருக்க ஊதணும்? அந்தக் கணக்கச் சொல்லித் தொலை!"

ஜெயபாய் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஒரு ஆளாச் செஞ்சா பதினஞ்சுக்கு ரெண்டு. ரெண்டு ஆளுன்னா அஞ்சுக்கு ஒண்ணு." சொன்னவள் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நாம எப்படிச் செய்யணும்?"

"ரெண்டு ஆளுட்டி! கண்ணு தெரியல? ரெண்டு ஆளு!"

ஜெயபாய் குனிந்து ஊதினாள். நெஞ்சு லேசாக எழும்பியது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நீங்க யாரும்மா?"

"நாலு, அஞ்சு." ஜெயபாய் ஊதுகிற இடைவெளியில் செல்லத்தாய் சொன்னாள். "இந்தக் கடையில பதினாலு வருசமா மருந்து குடுக்கேன் சார்... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இவ இன்னைக்கு நீங்க வாரீகன்னு வந்தா... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எழுதிக்கிடுங்க. எழுதிட்டு ஒரு வண்டியப் பிடிங்க."

ராஜரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எதையும் எழுதவில்லை. ரோட்டில் இறங்கி, சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றி வந்த மெட்டடோர் வேனைக் கையை விரித்து மறித்தார். நாலு பேர் சுயம்புலிங்கத்தைத் தூக்கித் துணிக் கட்டுகளின் மேல் பூப்போலப் படுக்க வைத்தார்கள்.

"அதுமேல வேண்டாம்! மெத்துன்னு இருக்கு. கட்ட எல்லாம் வெளிய எறிங்க, தரையில போடுங்க!"

"எம்மா, அம்புட்டும் பார்ட்டி சரக்கு" என்றான் டிரைவர். இன்ஸ்பெக்டரே ஏறி முதல் கட்டை உருட்டித் தள்ளினார். துணிக் கட்டுகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்தன. ஒன்று பிரிந்து, கடைப் படி வரைக்கும் வெள்ளையாக ஓடியது.

செல்லத்தாயையும் ஜெயபாயையும் இன்ஸ்பெக்டரையும் ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டு முக்கு திரும்பி நின்றுவிட்டது. ரயில்வே கேட் அடைத்திருந்தது.

செல்லத்தாயின் மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தான் நின்ற நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கக் கை ஒழியவில்லை.

"அக்கா, நான் மாத்திக்கிடவா?" என்றாள் ஜெயபாய். அவள் உதடும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன. "எங்க வைக்கணும்?"

செல்லத்தாய் அவளுடைய உள்ளங்கையைப் பிடித்து நெஞ்செலும்பின் மேல் வைத்தாள். தன் கையை அதன்மேல் வைத்து ஒருமுறை அழுத்திக் காட்டினாள். "இம்புட்டு ஆழம். முழங்கைய மடக்காத." பிறகு தலைப்பக்கம் நகர்ந்தாள்.

தண்டவாளத்தில் ரயில் எதுவும் இன்னும் தெரியவில்லை. சைக்கிள்காரர்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கேட்கீப்பரிடம் கத்திக்கொண்டிருந்தார். "நாலு, அஞ்சு" என்றாள் ஜெயபாய். செல்லத்தாய் மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்தாள்.